யாராவது ஏதாவது கொடுத்தனுப்பினாங்களா?

— அப்படியே நில்லுங்க. கையை ரெண்டு பக்கமும் விரிங்க.

— என்னங்க இது? சமையல்கட்டு வாசல்ல நிக்க வச்சு, கையை விரின்னு சொன்னா என்ன அர்த்தம்? அடுப்புல பால் இருக்கு.

— பாலை அணைச்சுட்டேன். இப்ப நான் உன் புருஷன் இல்ல, ஏர்போர்ட் செக்யூரிட்டி. இது வாசல் இல்ல, மெஷின். துணி ஊறவைக்கிற அந்த டப்புதான் ட்ரே. நாளைக்கு அங்க போய்த் திருதிருன்னு முழிக்கக் கூடாதுல்ல.

— ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்த வாய் சும்மா இருக்குமா? நீங்க ஒரு தடவையாவது ஃப்ளைட்ல ஏறியிருக்கீங்களா, மாஸ்டர்?

— ஏறினாத்தான் தெரியணுமா? வீடியோ பார்த்து வச்சிருக்கேன். நிதானமா கேளு. முதல்ல கவுண்டர். பெரிய பெட்டியை எடை போட்டு வாங்கிக்குவாங்க, போர்டிங் பாஸ் தருவாங்க. அதை எங்க வைப்ப?

— பாஸ்போர்ட்டுக்குள்ள செருகி, கையிலயே வச்சுக்குவேன். பைக்குள்ள போட்டுட்டுத் தேட மாட்டேன்.

— சபாஷ். கியர் போடறதுக்கு முன்னாடி கிளட்ச். செக்யூரிட்டி வரிசைக்கு முன்னாடி?

— செல்போன், வாட்ச், சில்லறை, எல்லாத்தையும் கழட்டி ட்ரேயில வைக்கணும். தைல பாட்டில் பெரிய பெட்டியிலயே போயிடுது. தண்ணி பாட்டிலைக் காலி பண்ணிடணும். போதுமா?

— இன்னும் இருக்கு. கேள்வி கேப்பாங்க. பெட்டியை நீங்களே அடுக்கினீங்களா?

— நானேதான் சார். அடுக்கறப்ப கார் மாஸ்டர் ஒருத்தர் கயிறு கட்டறேன்னு சொல்லிக்கிட்டுப் பெட்டியைச் சுத்திச் சுத்தி வந்தார். பிறக்கப்போற குழந்தைக்குத் தச்ச சட்டையை எடுத்து வச்சேன். உடனே வெளிய போயிட்டார்.

— ஆமான்னா ஆமா, அதோட நிறுத்து. நீ கதை சொன்னா பின்னாடி நிக்கறவன் ஹாரன் அடிப்பான். அடுத்த கேள்வி. கொண்டுபோகச் சொல்லி யாராவது ஏதாவது கொடுத்தனுப்பினாங்களா?

— இதுக்கு என்ன சொல்லணும்?

— யோசிக்கவே கூடாது. யோசிச்சா சந்தேகப்படுவாங்க.

— இல்ல சார். யாரும் எதுவும் கொடுத்தனுப்பல.

— கரெக்ட்.

— மாசமா இருக்கற பொண்ணைப் பார்க்கப் போறேன் சார். பெத்த அப்பா ஒரு வார்த்தை கூடக் கொடுத்தனுப்பல. வார்த்தைக்கெல்லாம் எடை போட மாட்டாங்கதானே?

— இப்படியெல்லாம் அங்க பேசக் கூடாது.

— இங்கயாவது பேசலாமா? போன்ல அவ குரல் கேட்டாலே மாடிக்குப் போயிடறீங்க. ‘அப்பா பக்கத்துல இருக்காராம்மா’ன்னு ஒவ்வொரு தடவையும் கேக்கறா. குளிக்கறார், தூங்கறார்னு எத்தனை நாள்தான் நான் சமாளிக்க? நாளைக்கு நேர்ல கேப்பா. ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்களேன்.

— உன் பொண்ணு கேட்டா, நல்லா இருக்கார்னு சொல்லு.

— என் பொண்ணா? அந்த மூக்கும் முன்கோபமும் எங்க வீட்டுச் சீதனமா? டிரைவிங் ஸ்கூல் வேண்டாம், வெளிநாட்டு வேலைக்குத்தான் போவேன்னு அவ நின்னா. போனா இந்த வீட்டுக்குத் திரும்பி வராதேன்னு நீங்க நின்னீங்க. ‘அப்ப சாவி எனக்கெதுக்கு’ன்னு மேசை மேல வீசிட்டுப் போனா. அன்னிக்கு நடுவுல மாட்டிக்கிட்டது நான்தான். எனக்கு ரெண்டு பேரும் வேணுங்க.

— வரிசை நகருது. முன்னாடி போ.

— போறேன். நான் இல்லாதப்ப அந்தப் பாழாப்போன வாசப்பூட்டையாவது மாத்துங்க. தினமும் தோளால இடிச்சுத் திறக்க வேண்டியிருக்கு.

— அது நல்லாத்தான் இருக்கு.

— என்னத்த நல்லா இருக்கு? பூட்டுக்காரரை நானே கூட்டிட்டு வந்தேன். டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிட்டீங்க.

— பேச்சை மாத்தாத. கைப்பையை ட்ரேயில வை.

— வச்சாச்சு. இருங்க, என்னமோ கலகலங்குது. சில்லறையை அப்பவே எடுத்துட்டேனே.

— அதை விடு. மெஷின்ல சத்தம் வரல. செக்யூரிட்டி முடிஞ்சது. நீ போகலாம்.

— இருங்கன்னா. சைடு ஜிப்புல நான் எதுவும் வைக்கலியே. இது சாவி. நம்ம வாசக்கதவுச் சாவி.

— உன்னோடதா இருக்கும்.

— என்னோடது அதோ ஆணியில தொங்குது. இதுல மஞ்சள் வாத்து பொம்மை கோத்திருக்கு. இது அன்னிக்கு நம்ம குட்டி வீசிட்டுப் போனதுங்க. குப்பையில போட்டுட்டேன்னு சொன்னீங்களே.

— சொன்னேன்.

— ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? இங்க பாருங்க. நாளைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?

— அவங்ககிட்ட, இல்லன்னே சொல்லிடு. குட்டிகிட்ட மட்டும், அப்பா இன்னும் பூட்டை மாத்தலன்னு சொல்லு.