சட்டை முதுகில் இருந்த பெயர்

சிவப்புச் சிமெந்துத் தரைக்குப் பொலிஷ் போடும் வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை. பாதித் தேங்காய் மட்டையால், முகம் தெரியும்வரை சீராகத் தேய்க்க வேண்டும். கண்டியில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதராக இருந்த காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானேதான் செய்தேன். கெலிஓயாவில் எங்கள் வீட்டுத் தரையை மெச்சாதவர்கள் இல்லை.

வாசல் படிகளுக்கு மட்டும் பொலிஷ் கிடையாது. ஒருமுறை என் மனைவி இரத்தினம்மா வழுக்கி விழுந்தபின் அந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான்தான்.

என் மகள் தர்ஷனா ஆசிய பட்மின்டன் சம்பியன்ஷிப்புக்குத் தெரிவானாள். தனிநபர் ஆட்டத்திலும் நாட்டின் அணியிலும் அவளுக்கு இடம் கிடைத்தது. தெரிந்தவர்கள் வீடு தேடி வந்து எனக்குக் கைகொடுத்தார்கள்.

நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்றில்லை. தகப்பன் பெயர்தான் அந்த இடத்தில் நிற்கும். விளையாட்டுச் சட்டையின் முதுகிலும் அதையே அச்சிடுகிறார்கள். முன்பு கொழும்பில் நடந்த ஒரு போட்டியில் அவள் வெளிநாட்டுக்காரி ஒருத்தியிடம் இரண்டு செட்டிலும் இருபத்தொன்றுக்கு நாலு என்று தோற்றாள். மறுநாள் ஹார்ட்வெயார் கடை பவாஸ் எனக்கு ஆணி நிறுத்துக்கொண்டே சொன்னார்:

"தியாகராஜா ஐயா, உங்க பேரு டீவியில நல்லா ஓடிச்சு. நாலு பொயின்ட் எடுக்கத்தான் கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுது."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பவாஸ் நல்ல மனிதர், மனதில் ஒன்றும் வைத்துப் பேசுபவர் அல்ல. ஆனால் அதற்கு முன் இந்த ஊரில் என் பெயரைச் சொல்லி யாரும் சிரித்ததில்லை.

ஆசியப் போட்டியில் அவளுடைய முதல் ஆட்டமே சீனாவின் முன்னணி ஆட்டக்காரியோடு என்று தெரியவந்தது. சட்டையில் உன் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாதா என்று தன்மையாகத்தான் கேட்டேன்.

"தோக்கத்தான் போறேன், அப்பா," என்றாள், ரெக்கட்டின் பிடிக்குப் புது நாடா சுற்றியபடி. "ஆனா அவளோட ஒரு ஆட்டம் ஆடணும்னுதான் சின்ன வயசுல இருந்து ஓடுறேன். உங்க பேரு முதுகுல இருந்தா நீங்க பின்னால நிக்கிற மாதிரி இருக்கும்."

அதில் எனக்குப் பிடிவாதம் மட்டுமே கேட்டது.

புறப்படும் நாள் காலையில் இரத்தினம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். தர்ஷனா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசல் படிகளுக்குப் பொலிஷ் போட்டேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது, நன்றாகத் தேய்த்தேன். வான் வந்து ஹோர்ன் அடித்ததும் அவள் எப்போதும்போலத் துள்ளி இறங்கினாள்.

ஒரு சுளுக்கு, சில நாள் கட்டு, அவ்வளவுதான் நான் நினைத்தது. முழங்காலில் தசைநார் அறுந்துபோயிற்று. நடக்கலாம், இனி விளையாட முடியாது என்றார் டொக்டர்.

இரத்தினம்மாவுக்குக் கொஞ்ச காலமாக மறதி. கறிக்கு உப்பை இரண்டு முறை போடுவாள். படிக்கு யார் பொலிஷ் போட்டது என்று அவள் கேட்டபோது, "உனக்கு ஞாபகம் இல்லையா?" என்றேன். பொய் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன். அவள் வெகுநேரம் யோசித்தாள்.

"அப்ப நான்தான் போட்டிருப்பேன்," என்று அழுதாள்.

அன்றிலிருந்து மாலைதோறும் எண்ணெய் காய்ச்சி மகளின் காலில் தேய்க்கிறாள். தேய்க்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்கிறாள். பவாஸோ, அந்தப் பிள்ளை போயிருந்தால் ஒரு கை பார்த்திருக்கும் என்று கடைக்கு வருபவர்களிடம் சொல்கிறார். யாரும் சிரிப்பதில்லை.

பொலிஷின் சிவப்பு என் நகக்கண்களை விட்டுச் சுலபத்தில் போகவில்லை. அதனால் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன். தர்ஷனா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் இரத்தினம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே போனதும் சொன்னாள்:

"நீங்கதான் மறந்துபோய்ப் போட்டீங்கன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க, அப்பா. அவங்க பாவம். நான் வேற யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டேன். உங்க பேரு கெட்டுடும்."

குடும்ப மானம் தெரிந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

இரத்தினம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நகங்கள் எப்போதோ சுத்தமாகிவிட்டன. நான் இன்னும் கரண்டியால்தான் சாப்பிடுகிறேன்.