ஒரே வேருல ரெண்டு எலை

இல்லக்கா, மருந்துக்கு இல்லீங்க. கீரையும் இல்ல. ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும். பெரணிச் செடிங்க இது. பாறை இடுக்குல மொளைக்கும், பூக்காது, காய்க்காது. இதுக்காகவா சித்தேரி மலைக்கு ஏறி வந்தேன்னு கேக்குறீங்க, அதான? எங்கம்மாவும் இதயேதான் கேக்குறாங்க.

கொஞ்சம் அந்தப் பையத் தள்ளி வைங்க, பேப்பர் மடங்குச்சின்னா எலை ஒடைஞ்சிரும். ஆங், போதும். கைய நீட்டுங்க. பொறங்கைய. இப்பப் பாருங்க, எலையத் திருப்பி வச்சு ஒரு அமுக்கு. எடுத்தாச்சு. அச்சு வுழுந்துதா? எலைக்கு அடியில வெள்ளையா மாவு கணக்கா இருக்குது பாருங்க, அதுதான் ஒட்டிக்குது. ஓ, சின்னதுல நீங்களும் இத வச்சு வெளயாடுனீங்களா? அப்ப உங்களுக்கு நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல.

சரி, இதப் பாருங்க. இது வேற எலை. வேற மாதிரி தெரியலயா? தெரியாதுங்க, யாருக்கும் தெரியாது. காம்புக்கு அடியில, மண்ணுக்குள்ள போற எடத்துல, செதில் செதிலா இருக்கும். இந்தாங்க லென்ஸு, கண்ணோட ஒட்டி வச்சுப் பாக்கணும். பஸ்ஸு வளைவுல திரும்பட்டும், அப்பறம் பாருங்க. ஒண்ணுல செதிலு முழுசா தவிட்டுக் கலரு. இன்னொண்ணுல நடுவுல கறுப்பா ஒரு கோடு. தெரியுதா? அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கோட்ட வச்சுக்கிட்டு ஒரு சாரு, இது புது இனம், ஒலகத்துலயே சித்தேரி மலையில மட்டும்தான் இருக்குதுன்னு எழுதிட்டாரு. எழுதிப் பேரும் வச்சிட்டாரு. கண்டுபிடிச்சவருன்னு சால்வை, மாலை, டவுன்ல பெரிய காலேஜுல வேலை. எல்லாம் அந்த ஒரு கோட்டால வந்ததுதான்.

நான் என்னா சொல்றேன்னா, அது புதுசும் இல்ல, வேறயும் இல்ல. நீங்க கையில அச்சு குத்தி வெளயாடுன அதே செடிதான்.

சும்மா சொல்லலக்கா. நானும் அந்தப் படிப்புப் படிச்சவதான், இப்ப ஸ்கூல்ல பாடம் நடத்துறேன். மொத மழைக்கு வந்தப்ப ஒரு பாறையில நெறைய தூருக்கு செவப்பு நூல் கட்டி வச்சிட்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு எலை எடுத்துப் பாத்தேன். கோடு இல்ல. இப்ப மழை முடிஞ்சு வந்து, அதே தூருல முத்துன எலைய எடுத்துப் பாக்கறேன். கோடு இருக்குது. ஒரே வேருங்க. எலை முத்துனா செதிலும் கறுக்குது, வேற ஒண்ணுமில்ல. அவரு மார்கழியில எடுத்த எலைய மட்டும் பாத்துட்டு எழுதுனவரு. இதுல கூத்து என்னான்னா, நான் கட்டுன நூலப் பாத்துட்டு யாரோ வேண்டுதல்னு நெனச்சு, பக்கத்துச் செடியில மஞ்சத்துணி முடிஞ்சு வச்சிருக்காங்க. புள்ள வரம் கேட்டிருப்பாங்களோ என்னமோ. கெடைக்கட்டும்.

ஆமா, எழுதி அனுப்பத்தான் போறேன். அனுப்புனா அவரோட புது இனம் காலி. ரத்துன்னுகூட இல்லக்கா, அப்பிடி ஒண்ணு எப்பவுமே இருந்ததில்லன்னு ஆயிரும். வச்ச பேர அதுக்கப்பறம் ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.

பாவமா? அவரா? நல்லாக் கேட்டீங்க போங்க. அவரு எங்க வூட்டுக்காரருங்க. டேவிட்ராஜு. இப்ப இல்ல, முன்னாடி.

பத்து வருசம் குடும்பம் நடத்துனோம். இந்த மலையெல்லாம் ரெண்டு பேருமாத்தான் சுத்துனது. அவரு பாறையில ஏறுவாரு, நான் கீழ பேப்பர விரிச்சு எலைய அடுக்குவேன். அப்பறம் அந்தக் காலேஜு, அங்க ஒருத்தி. நாங்க வேதக்காரங்க, எங்கள்ல பொண்டாட்டிய அத்துவுட்டுட்டு இன்னொருத்தியக் கோயில்ல வச்சுக் கட்ட முடியாது. அதுக்கும் ஒரு வழி இருக்குது. பிஷப் வூட்டுக் கோர்ட்டுல மனு போடணும். போட்டாரு. கல்யாணத்தன்னிக்கு எனக்கு மனசே இல்ல, எங்கப்பா மெரட்டி இழுத்தாந்து நிறுத்துனாருன்னு சொன்னாரு. எங்க மாமனாரு செத்துப் போயிட்டாரு, எந்திரிச்சு வந்து இல்லன்னு சொல்லுவாரா? சாட்சிக்கும் ஆளப் புடிச்சிட்டாரு. போன தவக்காலத்துல தீர்ப்பு வந்துச்சு. வெவாகரத்து இல்லீங்க. அந்தக் கல்யாணமே நடக்கலயாம். பீடத்து முன்னாடி தாலி கட்டுனது, ஊருக்கே சோறு போட்டது, எனக்கு ரெண்டு தரம் கலைஞ்சது, எதுவுமே நடக்கல. சாமியாருகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், அப்ப அந்த வூட்டுல இத்தினி நாளு நான் யாரா இருந்தேன் ஃபாதர்னு. ஜெபம் பண்ணிக்கம்மான்னாரு.

அன்னிக்குத்தான் நெனச்சேன். என் கல்யாணம் நடக்கலன்னா உன் செடியும் மொளைக்கல போடான்னு. பழிதான், மறைக்க என்னா இருக்குது. ஆனா பொய் எழுதலக்கா. மொத எலையிலயே அந்தக் கோடு இருந்திருந்தா, அவரு சொன்னதுதான் சரின்னு வாய மூடிட்டு இருந்திருப்பேன்.

சந்தோசமாத்தான் இருக்கணும். நேத்து அந்தப் பாறையில உக்காந்து லென்ஸுல பாக்கறேன், ஒவ்வொண்ணுலயும் கோடு தெரியுது. நான் ஜெயிச்சிட்டேன். வெயிலு உச்சிக்கு ஏறுற வரைக்கும் அங்கயே கெடந்தேன்.

பாப்பிரெட்டிப்பட்டி வந்திருச்சு பாருங்க. உங்க பைய நான் புடிச்சுக்கறேன், நீங்க கம்பியப் புடிச்சுக்கிட்டு எந்திரிங்க. என்னாது, செடிக்கு என்னா பேரு வச்சாருன்னா? லத்தீன்ல இருக்கும்க்கா, வாயில நொழையாது. மொதப் பாதி எல்லாத்துக்கும் பொதுவா உள்ளது. பின்பாதியில யாரு பேர வேணும்னாலும் சேத்துக்கலாம், அது கண்டுபிடிச்சவங்க இஷ்டம். எங்களுக்குக் கல்யாணமான வருசம் அது. அருள்ராணின்னு வச்சாரு.

எம் பேருதாங்க. அதையும் இல்லன்னு நாந்தான் எழுதணும். எறங்குங்கக்கா, பின்னாடி ஆளுங்க நிக்குறாங்க.