கால் மணி நேரம் முன்னால்

"ஹலோ... ஹலோ, கம்ப்யூட்டர் உதவிப் பிரிவுதானே? கிளை மேனேஜர் பேசறேன். காலையிலேர்ந்து என்னை உள்ள விடமாட்டேங்குது தம்பி... எதுவா? உங்க சர்வர்தான்! நான் மேனேஜர்னு அதுக்குத் தெரியாதா?... பாஸ்வேர்டு சரிதான்... ஆமா, ஆமா, பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் பார்த்தாச்சு. எனக்கே பாடம் எடுக்காதீங்க."

மேலாளர் நாற்காலியைத் திருப்பினார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், வரவேற்பில் வேலை பார்க்கும் பெண் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றிருந்தாள்.

"அவசரமாவா?... ஒரு பொண்ண வேலைய விட்டு அனுப்பணும் தம்பி. மதியத்துக்குள்ள தலைமை ஆபீசுக்கு மெயில் போகணும்... லேட்டுதான், வேறென்ன? இன்னொரு நாள் லேட்டா வந்தா வேலை இல்லைன்னு போன வாரமே சொல்லிட்டேன். இன்னைக்கு ஒன்பதே காலுக்குக் கைரேகை வெச்சிருக்கா. மெஷினே காட்டுது. மெஷின் பொய் சொல்லுமா?... ஸ்க்ரீன்லயா? இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்... சர்வர் நேரமும் இந்தக் கம்ப்யூட்டர் நேரமும் ஒத்துப்போகலையாம், அதான் உள்ள விடலையாம்... ஆமா, இது கால் மணி முன்னால ஓடுது... யாரா? நான்தான். நேத்து சாயங்காலம் தள்ளி வெச்சேன்... எதுக்கா? நிர்வாகம் தம்பி, நிர்வாகம்! அப்பத்தான் இதுங்க நேரத்துக்கு வரும்... இல்ல, யார்கிட்டயும் சொல்லல. சொல்லிட்டா அப்புறம் எதுக்குத் தள்ளி வெக்கறது?"

கைரேகை இயந்திரத்திலிருந்து தன் மேசைக்கு வரும் ஒயரை மேலாளர் பார்த்தார்.

"...ஆமா, அந்த மெஷினும் இதுலேர்ந்துதான் நேரம் எடுக்குது... சரி... சரி... கழிச்சா ஒன்பது. டாண்ணு வந்திருக்கா. அதுக்கென்ன இப்ப? நீங்க சர்வரைப் பாருங்க, ஆளுங்களை நான் பார்த்துக்கறேன்... என்னது?... எல்லாப் பேச்சும் பதிவாகுமா?... தலைமை ஆபீஸ்ல கேப்பாங்களா?... சார்... அய்யோ சார், நான் சும்மா விளையாட்டுக்கு... மெயிலா? எந்த மெயில் சார்?... ஒரு நிமிஷம், வெச்சிடாதீங்க... ஏம்மா, இன்னும் ஏன் நிக்கற? கால் வலிக்கப் போகுது, போய் உன் சீட்ல உக்காரும்மா!... சார், கேட்டுச்சா? உக்காரச் சொல்லிட்டேன் சார். இதுவும் பதிவாச்சா?... சார்?... ஹலோ?"

லைன் எப்போதோ அறுந்திருந்தது.