பாலத்துக் காவலன் உட்காரும் இடம்

ஆபித்: மறுபடியும் செத்துட்டியா மாப்ள?

உதயசூரியன்: இல்ல பாய், சும்மா படுத்திருக்கேன்... செத்துட்டேன்.

ஆபித்: நேத்தும் இந்தப் பாலத்துலதான் செத்த.

உதயசூரியன்: முந்தாநாளும்.

ராணி: லபெயே டீ ஆறுது. செல்ல பாத்துக்கிட்டே குடிச்சா டீயோட ருசி தெரியுமா?

உதயசூரியன்: உன் கடை டீயில ருசி இருந்தாத்தான மா ராணி.

ராணி: இந்த வாய மேஸ்திரி கோ நல்லையா ஆள் எடுக்க வர்றப்ப காட்டு. இப்ப வந்துருவாரு.

ஆபித்: ஒரே ஒரு ஜோடிதான் எடுக்குறாராம் ராணி. தன்லியின் ஊரு குடோனுக்கு. மழையானாலும் வெயிலானாலும் வேல உண்டு. எங்களத்தான் எடுப்பாரு. த்வாண்டே ஊரு படகுலேருந்து மண் ஜாடிய ஒடைக்காம கம்புல தூக்கிட்டு வர்ற ஜோடி இந்தத் துறையில வேற யாரு இருக்கா?

உதயசூரியன்: ம்.

ஆபித்: என்ன ம்?

உதயசூரியன்: ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு. இரு.

ஆபித்: யாரு இவன், இம்மாம் பெருசா... கையில சம்மட்டி.

உதயசூரியன்: இவன்தான் பாஸ். இவன அடிச்சாத்தான் கதவு தொறக்கும்.

ராணி: நல்லையா மாதிரி.

உதயசூரியன்: நல்லையாவுக்கு சம்மட்டி வேண்டாம், பார்வையே போதும்.

ஆபித்: பாரு... ஓங்குறதுக்கு முன்னாடி மேல பாக்குறான். எதுக்கு?

உதயசூரியன்: மேல கோபுரம் இருக்கு. அதுல ஒரு சன்னல். ராசா உக்காந்து பாக்குறான்.

ஆபித்: கழுத்துக்கு நேரா நீ கத்தி வச்சிருக்க. அத விட்டுட்டு சன்னலப் பாக்குறானா?

உதயசூரியன்: அதாம் பாய் எனக்கும் புரியல மொதல்ல. அவன் மேல பாக்குறப்ப அடிச்சா விழுந்துருவான். எல்லாரும் அப்படித்தான் ஜெயிக்கிறாங்க.

ராணி: அப்ப அடிக்க வேண்டியதுதான?

உதயசூரியன்: அடிக்கலாம்...

ஆபித்: கதை என்ன இவனுக்கு? பொறந்ததுலேருந்தே பாலத்துல நிக்கிறானா?

உதயசூரியன்: கல்லு தூக்குனவன். இந்தப் பாலம் கட்டுனப்ப இவன் தோள்லதான் பாதிக் கல்லு வந்துச்சு. கட்டி முடிச்சதும் காவலுக்கு நிறுத்திட்டாங்க. இவனுக்கு முன்னாடி ஒருத்தன் காவல் நின்னான். கொஞ்சம் தளர்ந்துட்டான். ஆத்துல தள்ளிட்டாங்க.

ராணி: யாரு தள்ளுனா, ராசாவா?

உதயசூரியன்: ராசா எறங்கி வருவானா? இவனேதான் தள்ளுனான். சொன்னாங்க, தள்ளுனான்.

ராணி: அப்ப இவனும் ஒழுங்கு இல்ல. அடி அவன.

ஆபித்: இரு ராணி. மாப்ள, ஒண்ணு கவனிச்சியா? வலது கையால அடிக்கிறப்ப வாயத் தொறக்கல. எடது கைன்னா கத்துறான்.

உதயசூரியன்: பயமுறுத்துறான்.

ஆபித்: வலது கைதான பலமான அடி. அதுக்கு ஏன் கத்தல?

உதயசூரியன்: அது... ஆட்டத்த செஞ்சவன்கிட்டதான் கேக்கணும்.

ஆபித்: உன்கிட்ட கேக்குறேன்.

உதயசூரியன்: எடது தோள் போச்சு அவனுக்கு. கல்லு தூக்கித் தூக்கி. கத்துனா யாரும் தோளப் பாக்க மாட்டாங்க, வாயத்தான் பாப்பாங்க.

ஆபித்: ஓ.

உதயசூரியன்: என்ன ஓ?

ஆபித்: ஒண்ணுமில்ல. நீ கூட இப்பல்லாம் படகுப் பலகையில எறங்குறப்ப பாட்டு பாடுற.

உதயசூரியன்: பாடக் கூடாதா?

ஆபித்: பாடலாம். மூச்சு வாங்குற எடத்துல எவனும் பாட மாட்டான்னுதான்...

ராணி: கோ உதயா பாடுறது இங்க வரைக்கும் கேக்குது பாய். நாய் எந்திரிச்சுப் போயிருது.

உதயசூரியன்: கேட்டியா, ரசிகருங்க இருக்காங்க.

ஆபித்: செல்ல ஏன் முட்டி மேல வச்சு ஆடுற? கையில தூக்கிப் புடி.

உதயசூரியன்: சூடாயிருது பாய், பழைய செல்லு... இங்க பாரு, இதப் பாரு. இத யாரும் எனக்குச் சொல்லல, நானாக் கண்டுபிடிச்சேன். நான் அடிக்காம பின்னால போறேன். பாலத்து வளைவு இருக்குல்ல, அதுக்குக் கீழ. வர்றானா?

ஆபித்: வர்றான். தொரத்திக்கிட்டு வர்றான்.

உதயசூரியன்: இப்ப பாரு.

ஆபித்: ...சம்மட்டியக் கீழ வச்சுட்டான்.

ராணி: எங்க, காட்டு. அட, உக்காந்துட்டான்.

உதயசூரியன்: தோளப் புடிச்சுக்கிறான் பாரு. மூச்சு விடுறான். நான் பக்கத்துல நிக்கிறேன், கையில கத்தி. அவன் என்னக் கண்டுக்கவே இல்ல.

ராணி: ஏன் அடிக்க மாட்டேங்கிறான்?

உதயசூரியன்: இங்க நின்னா சன்னல் தெரியாது. ராசா பாக்க முடியாது.

ஆபித்: அப்ப அவன் பயம் உன் மேல இல்ல.

உதயசூரியன்: இல்லவே இல்ல. என்கிட்ட மறைக்கவும் இல்ல. மேல இருக்கிறவன்கிட்ட மட்டும்தான். இதப் பாத்ததுலேருந்து அடிக்க மனசு வரல பாய். அங்க போயி சும்மா நிக்கிறேன். அப்புறம் வெளிய வர்றேன், அடிச்சுக் கொன்னுருறான்.

ராணி: லூசு. உக்காந்திருக்கிறப்ப நீ சும்மா விட்ட, அவன் வெளிய வந்து உன்னையே கொல்றான்.

உதயசூரியன்: வெளிய அவனுக்கு வேற வழியில்ல.

ஆபித்: மாப்ள... பூதம்கூட கத்தி வச்சிருக்கிறவன் முன்னாடி உக்காந்து தோளப் புடிச்சுக்குது. நீ எனக்கு முன்னாடி ஒரு நாள் உக்காந்தியா?

உதயசூரியன்: நான் எதுக்கு உக்காரணும்?

ஆபித்: இன்னும் மறைக்கிற பாரு. நல்லையாகிட்ட மறை. சோத்துக்கு வழி, மறைக்கத்தான் வேணும். நான் உன் கம்போட மறுமுனை. என்கிட்டயுமா?

உதயசூரியன்: ...எப்போலேருந்து தெரியும்?

ஆபித்: செவ்வாய்க்கிழம பலகையில உன் கால் தடுமாறுச்சே, அப்பவே. அதுக்கு அப்புறம் ஒரு ஜாடிகூட உடையல. ஏன்னு நினைச்ச? உன் பாட்டாலயா?

உதயசூரியன்: பாய்...

ஆபித்: முன்னால போறவன் நீ. பின்னால நான் என்ன செய்யிறேன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஜாடி தொங்குற கயித்த என் பக்கம் இழுத்து இழுத்துக் கட்டிக்கிட்டு வர்றேன். எடை பாதிக்கு மேல என் தோள்லதான். குடோனுலயும் அப்படியே ஓட்டிரலாம். நல்லையா முன்னாடிலேருந்துதான் பாப்பாரு, கயித்தப் பாக்க மாட்டாரு. நீ பாட்ட மட்டும் நிறுத்து.

உதயசூரியன்: எத்தன நாளைக்கு? உன் தோளும் போற வரைக்குமா?

ஆபித்: போறப்ப பாத்துக்கலாம். மொதல்ல வேல கெடைக்கட்டும்.

ராணி: பாய், அங்க பாரு. கோ நல்லையா வர்றாரு.

ஆபித்: செல்ல உள்ள வை மாப்ள. நிமிந்து நில்லு, கைய வீசி நட... அவர் கூட யாரு, நம்ம துறையில சுமை தூக்குற பர்கத்துல்லாவா? அவன் எதுக்கு நம்ம கம்பத் தூக்கிக்கிட்டு வர்றான்?

உதயசூரியன்: கயிறு எனக்குத் தெரியாது பாய், பாரம் தெரியாதா? கம்பு லேசான அன்னிக்கே புரிஞ்சிருச்சு. காலையில நீ வர்றதுக்கு முன்னாடி நல்லையா முன்னால சட்டையக் கழட்டித் தோளக் காட்டிட்டேன்... உன் ஜோடி இனிமே பர்கத்துல்லா. எந்திரி, கயித்த நடுவுல கட்டு.