முறை மாறும் நேரம்

டீக்கடை ஒலிபெருக்கியில் கேட்டால் ஒரு பாட்டின் பாதி வாத்தியங்கள் காதில் விழாது. அதனால் நான் ஹெட்போனில்தான் கேட்பேன். கருத்து எழுதுமுன் திரும்பத் திரும்பக் கேட்பேன். அனுப்பிய பிறகும், சரியாகத்தான் கேட்டேனா என்று சந்தேகம் வரும்.

பகலில் மன்னார்குடியில் உரக்கடை வேலை, மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து திரையிசை ரசிகர்களின் இணையக் குழுவுக்கு எழுதுவேன். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் எழுதுவார்கள். நான் இசை சொல்லிக்கொடுப்பவனா என்று ஒருவர் கேட்டபோது, திருவையாற்றில் பேராசிரியர் என்று பதில் போட்டேன். உரக்கடைக்காரனின் காதை யார் நம்புவார்கள்? அதன் பிறகு விவாதம் முற்றும்போதெல்லாம் "புரொபசர் சொல்லட்டும்" என்று காத்திருந்தார்கள். வேறு எங்கும் என் பேச்சுக்கு யாரும் காத்திருந்ததில்லை.

ஒரு பழைய படப் பாட்டில், இரண்டாவது சரணத்துக்கு முன் ஓர் உறுமல் வரும். அது உறுமி மேளம் என்று எழுதினேன். இல்லை, ஆற்று மதகின் ஷட்டருக்கு அடியில் தண்ணீர் கசியும் ஓசை என்று இளம்பரிதி எழுதினான். சிங்கப்பூரில் வளர்ந்தவன், அப்பாவுக்கு நீடாமங்கலம். "நானும் டெல்டாக்காரன்தான்" என்று அடிக்கடி எழுதுவான். லீவில் வந்தவன், ஓசையைப் பதிவு செய்து நிரூபிப்பதாகச் சொல்லி, கையில் ரெக்கார்டருடன் நேரே பிரவுசிங் சென்டருக்கே வந்துவிட்டான். குடியிருப்பது மன்னார்குடி, எழுதுவது இந்த சென்டரிலிருந்து என்று அவனிடம் எப்போதோ சொல்லியிருந்தேன்; அன்று கடை லீவு, மதியமே அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"இங்க புரொபசர் சார் யாருங்க?"

சென்டர் நடத்தும் சாமிதுரை சிரித்த சிரிப்பில் எல்லாரும் திரும்பினார்கள். "புரொபசரா? தோ உக்காந்திருக்கான் பாருங்க. யூரியா, பொட்டாஷ் ரெண்டுலயும் டாக்டர் பட்டம் வாங்குனவன்."

இளம்பரிதியும் சிரித்தான். ஆனால் கேலியில்லை. தோளில் கைபோட்டு வெளியே அழைத்து வந்தான். "இதுல வெக்கப்பட என்னண்ணே இருக்கு? சாயங்காலம் நானே குரூப்புல எழுதுறேன். உரக்கடையில இருந்துக்கிட்டு இவ்வளவு கேக்குறாருன்னா இன்னும்ல மதிப்பாங்க!"

வேண்டாம் தம்பி என்றேன். "சும்மா இருங்கண்ணே" என்றான். அவன் நல்லவன். அதை நான் மறைக்கவில்லை.

பிறகு கேட்டான்: "ஷட்டருக்குக் கீழ எப்பண்ணே போலாம்? வெரட்டுவாங்களா?"

"நாலு மணிக்கு முறை மாறும்" என்றேன்.

"ஓ, ட்யூட்டி மாத்துவாங்களா? அப்ப ஆள் இருக்காதுல்ல. சரியான நேரம்."

முறை மாறுவது என்றால் எங்கள் பக்கம் ஒரு ஆற்றை அடைத்து அடுத்த ஆற்றுக்குத் தண்ணீரைத் திருப்புவது. அன்று எங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் வரும் முறை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டெல்டாக்காரன் என்று எழுதியவனுக்கு நான் அர்த்தம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனை அவமதித்தது போலாகும் என்று அப்போது நினைத்தேன்.

நான் கரையில் நின்றேன். அவன் வறண்ட மணலில் இறங்கி, கசிவுக்குப் பக்கத்தில் ரெக்கார்டரை நீட்டியபடி கண்ணை மூடிக்கொண்டான். நல்ல ரசிகன் அப்படித்தான் கேட்பான். ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறின. தண்ணீர் வந்த ஓசை உறுமிபோல இல்லவே இல்லை. பாட்டில் இருப்பது மேளம்தான் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை.

உடல் அடுத்த மதகில் ஒதுங்கியது. செய்தியைக் குழுவில் நானே எழுதினேன். நிறையப் பேர் ஆறுதல் சொன்னார்கள். "புரொபசர் சார், மனசைத் தேத்திக்குங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துக் கண் கலங்கினேன். அந்தக் கண்ணீர் பொய்யில்லை.

நான் யாரிடமாவது பொய் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பார்த்துவிட்டேன். ஷட்டர் சக்கரத்தைத் திருப்புமுன், மதகு திறக்கும் லஸ்கர் ஐயாவு பாலத்தின் மேலிருந்து என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பி, கீழ யாராச்சும் குளிக்கிறாங்களா?" அவருக்கு அந்த இடத்திலிருந்து அடிப்பக்கம் தெரியாது. கரையில் நிற்பவன் சொல்வதை வைத்துத்தான் திறப்பார்.

"யாரும் குளிக்கலண்ணே" என்றேன்.

அவன் குளிக்கவில்லை, ஐயா.