முன்பல்லும் காற்றுக் குழாயும்

"பல்லு விழுந்தா என் வீட்டுக்காரருக்கு மூச்சும் போயிரும்" என்றாள், பல் மருத்துவரின் வாசலில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண். என் மடியில் வாயைத் திறந்தபடி தூங்கும் மகளின் வாயை மூடலாமா, கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன்.

"என்ன மைனி சொல்லுதிய?" என்றாள் பக்கத்திலிருந்த இளையவள்.

"ஏளா, உங்க அண்ணன் கடலுக்கடியில சங்கு குளிக்கையில காத்துக் குழாயப் பல்லாலதான கடிச்சுப் பிடிக்காரு? முன்பல்லு ரெண்டும் ஆடுது. வாயத் தொறந்தே தூங்குதாரு, எச்சி காஞ்சு ஈறு கெட்டுட்டுன்னு டாக்டர் சொல்லுதாரு."

"மூக்கால மூச்சு விடச் சொல்லுங்க."

"சொன்னேன். 'கடலுக்குள்ள மூக்க அடச்சுட்டுத்தான பொழைக்கேன், இனிமேயா பழக?'ங்காரு."

"தூங்கும்போது வாய மூடிவிட்டுப் பாத்தியளா?"

"பாத்தேன். தூக்கத்துலயே என் சேலைய ரெண்டு இழு இழுக்காரு."

"எதுக்கு?"

"காத்து வரல, மேல தூக்குன்னு படகுல இருக்கவனுக்குக் கயித்த இழுத்துக் காட்டுவாங்கல்லா, அது."

"அய்யோ! என்ன செஞ்சிய?"

"என்ன செய்ய? தூக்கி உக்கார வச்சேன். 'இன்னைக்குச் சங்கே இல்ல'ன்னு சொல்லிட்டு, திரும்ப வாயத் தொறந்துட்டாரு."