பக்கத்து இருக்கை

நெடுந்தூரம் வண்டி ஓட்டப் போகிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது எங்கே நிறுத்துவது என்பதைத்தான். என் டிரைவிங் ஸ்கூலில் சேருகிற எல்லோருக்கும் முதல் வகுப்பில் இதைத்தான் சொல்வேன். ஸ்டியரிங் பிடிப்பதெல்லாம் தானாக வந்துவிடும், சார்.

மகள் வெளியூர்க் கல்லூரியில் கைப்பந்து விளையாடுகிறாள். விடியுமுன் கிளம்பினால் மத்தியானம் போய்ச் சேரலாம். நானும் மனைவியும் ஒரு ஆட்டத்தைக்கூட விட்டதில்லை. இரண்டு வருஷம் அவளை வெளியேதான் உட்கார வைத்திருந்தார்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பாள், துண்டு மடிப்பாள். அதைப் பார்க்கவும் போனோம். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். நான் நிதானமாகத்தான் ஓட்டுவேன். "இவரோட போறதுன்னா நேத்தே கிளம்பியிருக்கணும்" என்பாள் மனைவி. சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

அன்றைக்குத்தான் மகளை முதல் ஆறு பேரில் சேர்த்திருந்தார்கள். முந்தின நாள் போனில் அழுதேவிட்டாள். "ரெண்டு பேரும் வந்துடுவீங்கல்ல? உங்களைப் பாத்துட்டுதான் சர்வீஸ் போடுவேன்" என்றாள். வாக்குக் கொடுத்தேன்.

பாதி வழியில் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். வாயுவாக இருக்கும் என்றேன். வியர்த்துக் கொட்டியது, ஏசியைக் கூட்டினேன். ஆற்றுப் பாலம் தாண்டியதும் இடது பக்கம் ஓர் ஆஸ்பத்திரி போர்டு வந்தது. நான் பார்க்காமல் இல்லை. உள்ளே போனால் பெயர் கேட்பார்கள், உட்காரச் சொல்வார்கள், அங்கே ஆட்டம் முடிந்துவிடும். மைதானத்துக்குப் பக்கத்திலேயே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். அப்புறமும் இரண்டு போர்டுகள் வந்தன. நான் வேகத்தைக் கூட்டவில்லை. பதற்றத்தில் ஓட்டுகிறவன்தான் எங்கேயாவது கொண்டுபோய் மோதுவான்.

மைதானத்தில் நிழல் பார்த்து நிறுத்தினேன். கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கிவிட்டேன். அவள் பெல்ட்டைக் கழற்றவில்லை, கழற்றினால் சரிந்துவிடுவாள். "நீங்க போங்க, அவ தேடுவா" என்றாள். என் கையைப் பிடித்திருந்தாள். விரல் விரலாக எடுத்துவிட்டுப் போனேன்.

உள்ளே, பார்வையாளர் வரிசையில் என் பக்கத்து இருக்கையில் அவள் சால்வையை விரித்து வைத்தேன். மகள் நிமிர்ந்து பார்த்தபோது சால்வையைக் காட்டி, இதோ வந்துவிடுவாள் என்று சைகை செய்தேன். சிரித்தாள். அன்று அவள் போட்ட சர்வீஸை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் செட் முடிந்ததும் எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆட்டம் கடைசி செட் வரை போய்விட்டது. ஜெயித்தார்கள்.

அம்மாவின் உயிர் போய்விட்டது என்று தெரிந்ததும் மகள் கேட்டது ஒன்றுதான். "அம்மா பாத்தாங்களாப்பா?"

"பின்னாடி நின்னு கடைசிப் பாயின்ட் வரைக்கும் பாத்தாம்மா. அப்புறம்தான் வண்டிக்குப் போனா."

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தேறி வந்தாள்.

அதற்குப் பிறகும் நான் போவதை விடவில்லை. பாலம் தாண்டியதும், பெல்ட் போடச் சொல்லி வண்டியில் மணி அடிக்க ஆரம்பிக்கும். பக்கத்து இருக்கை காலி. மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டுக் கோளாறு ஒன்றும் இல்லை என்கிறார். இப்போதெல்லாம் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அந்தப் பெல்ட்டை மாட்டிவிடுகிறேன். அப்படியும் அடிக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, சார்.

போன வாரம், மைதானத்தில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற காவலாளி மகளிடம் பேசியிருக்கிறார். அன்றைக்கு அந்தம்மா கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்களாம். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாராம். திரும்பி வந்து பார்த்தபோது சத்தமில்லை, தூங்குகிறார்கள் என்று விட்டுவிட்டாராம். மகள் நேராக உங்களிடம் வந்து புகார் கொடுத்துவிட்டாள். பழமொழியின் மறுபாதியை நான் சொல்ல மாட்டேன். அவள்மேல் கோபமில்லை. இனிப் பந்தையே தொட மாட்டேன் என்கிறாளாம், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆமாம், உயிரோடு இருந்தவளைத்தான் வண்டியில் விட்டுவிட்டுப் போனேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் போகச் சொன்னது அவள்தான். அதை மட்டும் மகளிடம் சொல்லிவிடுங்கள், மறுபடி விளையாடுவாள்.

அவ்வளவு முடியாதவள் எப்படிப் பேசினாள் என்று கேட்கிறீர்கள். பாலம் தாண்டியதிலிருந்தே அவளுக்குப் பேச்சு வரவில்லை, சார். கண்ணால்தான் சொன்னாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு அதுகூடவா புரியாது?